லூசியனின் பியேர்

எங்கள் வீட்டு அடுப்பு பாத்திரத்தின் முகத்தைப் பார்த்துத்தான் வேலை செய்யும். பிடித்த பாத்திரத்தை வைத்தால் சத்தமில்லாமல் கொதிக்க வைத்துவிடும். பிடிக்காததை வைத்தால் பீப் பீப் என்று கத்திவிட்டுத் தானே அணைந்துபோகும். பாரிஸின் லா சப்பலில் நாங்கள் இருக்கும் பழைய கட்டடத்தில் எரிவாயுக் குழாய்களைக் கழற்றி எடுத்த வருடம் அந்த இண்டக்சன் அடுப்பு வந்தது. கறுப்புக் கண்ணாடிப் பலகை. நெருப்பு இல்லை, சுருள் இல்லை, சிவப்பு வெளிச்சம்கூட இல்லை. ஊரிலிருந்து பெட்டிக்குள் சுற்றிக் கொண்டுவந்த அலுமினியச் சட்டிகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்துப் பார்த்தேன். ஒன்றையும் அது ஏற்றுக்கொள்ளவில்லை. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய்க்காக வரிசையில் நின்று, திரியைச் சிறிதாக இறக்கி, நீலமாக எரியும் அந்தச் சின்னச் சுவாலையைப் பார்த்துப் பார்த்துச் சமைத்தவள் நான். கண்ணுக்குத் தெரியாத சூட்டில் சோறு வேகிறது என்று நம்பவே எனக்குக் கொஞ்சக் காலம் பிடித்தது. அரிசியைப் போட்டுவிட்டுக் குனிந்து பாத்திரத்தின் அடியைப் பார்ப்பேன். அங்கே ஒன்றும் இருக்காது.

அந்த அடுப்பு வந்த சில கிழமைகளில் லூசியன் எங்கள் கதவைத் தட்டினார். அவர் எங்களுக்கு நேர் கீழ்வீட்டுக்காரர். ரயில்வேயில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்தபிறகு தனியாக இருந்தவர். அதுவரை எங்களுக்குள் 'போன்ஜூர்' என்ற ஒரு சொல்தான் போய்வந்தது. அன்று அவர் கையில் மீன் வடிவத்தில் ஒரு காந்தத் துண்டு இருந்தது, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுவது. ஏதோ வேகமாகச் சொன்னார். 'மார்மித்' என்ற சொல் விளங்கியது. மார்மித் என்றால் பெரிய பானை. கோயில் அன்னதானத்துக்குச் சமைத்துவிட்டு என் சில்வர் கிடாரத்தை நான் படியில் தூக்கிக்கொண்டு ஏறியதை அவர் பார்த்திருக்கிறார். கடைசியில் அவர் மெதுவாக, அழுத்தமாக ஒரு சொல்லைச் சொன்னார். எனக்கு அது 'மன்யிஃபிக்' என்று கேட்டது. அற்புதமான கிடாரம் என்று புகழ்கிறார் என்று நினைத்தேன்.

"மெர்சி, முசியே" என்று சொல்லிச் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தப் போனேன்.

அவர் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுக் காந்த மீனைத் தூக்கிக் காட்டினார். "மன்யெத்திக், மதாம். மன்யெத்திக்!"

காந்தம் ஒட்டுமா என்றுதான் கேட்டிருக்கிறார். கிடாரத்தை எடுத்து வந்து காட்டினேன். மீன் அதன் அடியில் போய் டப் என்று ஒட்டிக்கொண்டது. அந்த வயதான முகத்தில் வந்த சந்தோசத்தைப் பார்த்து நானும் சிரித்துவிட்டேன்.

விசயம் இதுதான். லூசியன் தன் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர். பிரெஞ்சில் அதைப் பியேர் என்பார்கள். எரிவாயு இருந்தவரை அவரது பெரிய அலுமினியப் பானையில் காய்ச்சினார். அவர் வீட்டுக்கு வந்த புதிய அடுப்பும் அந்தப் பானையை ஏற்கவில்லை. நான் கிடாரத்தைக் கொடுத்தேன். அதைக் கீழே கொண்டுபோய் அடுப்பை முழு வேகத்தில் போட்டவுடன் அவர் வீடே இருண்டுபோனது. தனி ஆளின் வீடு, அவர் எடுத்திருந்த மின்சார இணைப்பு அவ்வளவு சிறியது. எங்கள் வீட்டில் ரைஸ் குக்கரும் அடுப்பும் சேர்ந்து ஓடவேண்டும் என்று என் கணவர் இணைப்பைக் கூட்டி எடுத்திருந்தார். ஆகவே அடுத்த சனிக்கிழமை மத்தியானம் கிடாரம் திரும்பவும் மேலே ஏறியது, அதன் பின்னால் லூசியனும் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார்.

என் கணவர் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலைசெய்கிறார். சனிக்கிழமைகளில் வீட்டில் இருக்கமாட்டார். சொன்னபோது கண்ணைப் பெரிதாக்கினார்.

"பியரோ? எங்கட குசினிக்கையோ? சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கிற சனம் கதைக்கட்டும். பாவம் அந்த மனிசன். வேறை எங்கை போறது?"

குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். பிறகு கேட்டார்: "எனக்கும் ஒரு போத்தல் தருவாரோ எண்டு கேளுமன்."

அப்படித்தான், குடியை வெறுத்து வளர்ந்த நான், பாரிஸில் பியர் காய்ச்சும் வீட்டுக்காரி ஆனேன். தண்ணீரைக் கொதிக்க விடாமல், கை வைத்தால் சுடும் அளவுக்குச் சூடாக்க வேண்டும். முளைக்கவிட்டு உலர்த்தி நொறுக்கிய பார்லியைத் துணிப்பையில் கட்டி அதில் ஊறவைக்க வேண்டும். சூடு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. இந்த வேலைக்கு எங்கள் அடுப்பு சரிவரவில்லை. தானாக அணைந்து, தானாக மூண்டு, ஒரு கணம் கொதிப்பது போலவும் மறுகணம் ஆறுவது போலவும் விளையாடியது. லூசியன் வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், நான் அடுப்பின் பொத்தானைத் தொட்டுத் தொட்டுக் கூட்டிக் குறைப்பேன். பிறகு பையைத் தூக்கிப் பிழிந்துவிட்டு, அந்த இனிப்புத் தண்ணீரில் ஹூப்ளோன் என்ற கைப்பான காய்ந்த பூக்களைப் போட்டு நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும். அவ்வளவு தண்ணீரையும் துள்ளிக் கொதிக்க வைக்க அந்த அடுப்புக்குப் பலம் போதவில்லை. ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்ததோடு நின்றுவிட்டது. இருவரும் கிடாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். திடீரென்று லூசியன் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கிடாரத்தைச் சுற்றிக் கட்டினார். "நெருப்பு இல்லையே, எரியாது!" என்றார். நான் ஓடிப்போய் மகனின் பழைய போர்வையை எடுத்துவந்தேன். குளிருக்குப் போர்த்திய பிள்ளை மாதிரிக் கிடாரம் நின்றது. சிறிது நேரத்தில் கொதி துள்ளியது. துள்ளிய வேகத்தில் நுரை பொங்கிக் கண்ணாடியில் வழிந்தது. அடுப்பு பீப் பீப் என்று கத்தி அணைந்தது. துடைத்துவிட்டு மறுபடி மூட்டினோம்.

வறுத்த பயற்றுக்குள் பனங்கட்டியைப் போட்டதுபோல ஒரு வாசம் வீடு முழுக்க நிறைந்தது. கட்டடத்தின் படியெல்லாம் இறங்கிப்போனது. மேல்மாடியில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி எங்கள் வாசலில் நின்று, "என்னக்கா, பலகாரமோ?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். பொய்தான். ஆனால் அந்த வாசத்துக்கு அந்தப் பதில் பொருந்தியது. ஆறவைத்த பிறகு ஈஸ்ட் போட்டு மூடிய வாளியைக் கீழே தூக்கிக்கொண்டு போக லூசியனுக்கு முடியாது. அதனால் அது எங்கள் நடைவழி அலுமாரியிலேயே இருந்தது. மூடியில் செருகிய குழாயின் வழியாக, மெல்ல மெல்ல, அது மூச்சு விட்டது.

காய்ச்சும் நேரத்தில் பாதி, காத்திருக்கும் நேரம். அந்தக் காத்திருப்பில்தான் நாங்கள் கதைத்தோம், என்னுடைய உடைந்த பிரெஞ்சிலும் அவருடைய பொறுமையிலும். நான் ஒருநாள் கணவருடன் தொலைபேசியில் சமையலறையைக் 'குசினி' என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, எங்கள் மொழியில் பிரெஞ்சுச் சொல் இருக்கிறதே என்று வியந்தார். இது நாங்கள் பிறக்குமுன்னமே போர்த்துக்கீசரின் கப்பலில் யாழ்ப்பாணத்துக்கு வந்த சொல் என்று விளக்க எனக்குப் பிரெஞ்சு போதவில்லை. அவர் பேச்சில் அடிக்கடி 'ஷே நூ' என்று வரும். எங்களிடத்தில் என்று பொருள். முதலில் பிரான்ஸைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "எங்களிடத்தில் பியேர்தான் குடிப்போம், இங்கே இவர்கள் வைன் குடிக்கிறார்கள்" என்றபோதுதான் யோசித்தேன். இங்கே என்றால் எது? இவர்கள் என்றால் யார்? அவரது ஊர் வடக்கே, பெல்ஜிய எல்லைக்குப் பக்கத்தில். இளவயதில் ரயில் வேலைக்கு வந்தவர். பாரிஸ்காரர்கள் தன் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள் என்று சொன்னார். பாரிஸின் வடக்கு ரயில் நிலையமான கார் து நோரிலிருந்து ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஊர். அதற்காக ஒரு மனிதர் இப்படி ஏங்குவாரா என்று எனக்கு விந்தையாக இருந்தது. ஏன் திரும்பிப் போகவில்லை என்று கேட்டேன். "அங்கே இப்போது என்னை யாருக்குத் தெரியும்?" என்றார். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஒரு சனிக்கிழமை, பார்லி ஊறிக்கொண்டிருந்தபோது, சகோதரர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத் தமிழிலேயே என்னிடம் சரியான பதில் இல்லை. பிரெஞ்சில் இன்னும் கடினம். இருக்கிறார் என்றால் ஒரு வினைச்சொல், இருந்தார் என்றால் வேறொன்று. இடையில் ஒன்று கிடையாது. நான் இருக்கிறார் என்றேன். ஒரு அண்ணன்.

"எங்கே இருக்கிறார்?"

"தெரியாது."

அவர் தலையாட்டினார். "கோபமா? பேச்சுவார்த்தை இல்லையா?"

"இல்லை, முசியே. லா கேர்." யுத்தம் என்றேன்.

அண்ணனை 2009இல் வன்னியில் கடைசியாகப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. உடலைக் கண்டவர்களும் இல்லை. யாழ்ப்பாணத்தில் அம்மா அவருடைய படத்துக்கு மாலை போட விடுவதில்லை. அவன் எங்கேயோ இருக்கிறான் என்பார். இதெல்லாம் சொல்ல எனக்குச் சொற்கள் வரவில்லை. லூசியனும் கேட்கவில்லை. அடுப்பு அணைந்து பீப் என்றது. அவர் எழுந்து போய்ப் பொத்தானைத் தொட்டு மூட்டினார். திரும்பி வந்து, கதிரையை என் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். அன்று முழுக்க அவர் ஊர்க் கதை சொல்லவே இல்லை.

சில வருடங்கள் இப்படிப் போயின. கடைசியாக நாங்கள் காய்ச்சியது ஒரு மாசி மாதத்தில். அந்த முறை அவரால் பையைப் பிழிய முடியவில்லை, நான்தான் பிழிந்தேன். வாளி அலுமாரிக்குள் மூச்சுவிடத் தொடங்கிய கிழமையே அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள், நெஞ்சில் நீர் என்று. நான் பார்க்கப் போனபோது கட்டிலில் சாய்ந்திருந்து முதல் கேட்டது, "வாளி இன்னும் பேசுகிறதா?" என்றுதான். பேசுகிறது என்றேன். நின்றதும் சொல்லு, மகள் சில்வி வருவாள், போத்தலில் அடைப்போம் என்றார்.

சில்வி வடக்கில் இருப்பவள். இரண்டொரு முறை பார்த்திருக்கிறேன். ஒருநாள், நான் வேலைசெய்யும் பாடசாலைக் கன்டீனில், பிள்ளைகளின் இரைச்சலுக்கும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் சத்தத்துக்கும் நடுவே அவளுடைய அழைப்பு வந்தது. தடிமன் பிடித்து மூக்கடைத்தவள் போலக் கதைத்தாள். எனக்குக் கேட்டவை சில துண்டுகள்தான். பாப்பா பார்த்தி. அப்பா போய்விட்டார். வியாழக்கிழமை காலை, வைத்தியசாலையில். மீஸ் ஆன் பியேர். நீங்கள் வந்தால் அவருக்குப் பிடிக்கும்.

எனக்கு எல்லாம் தெளிவாக விளங்கியது. போய்விட்டார் என்றால் வார்டை விட்டுத்தான், அவரை வீட்டுக்கு விடுகிறார்கள். வியாழன் காலை வைத்தியசாலையில் சந்தித்து அவரை வீட்டுக்குக் கூட்டி வருகிறோம், பியேரைப் போத்தலில் அடைக்கிறோம். "வீ, வீ, மெர்சி!" ஓம் ஓம், நன்றி என்று நான் சந்தோசமாகக் கத்தினேன். மறுபக்கத்தில் ஒரு கணம் சத்தமே இல்லை. இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் சரியாகக் கேட்டுச் சொல்ல மகனும் இல்லை, துலூஸில் படித்துக்கொண்டிருந்தான். என் கணவரின் பிரெஞ்சு சமையலறைப் பிரெஞ்சு. "வாறாரோ? நல்லது" என்றார்.

புதன்கிழமை போத்தல்களைக் கழுவி வெயிலே இல்லாத யன்னல் ஓரத்தில் கவிழ்த்து வைத்தேன். அடைக்குமுன் லூசியன் ருசி பார்ப்பார், அது அவரது வழக்கம். மேலே எங்கள் வீடுவரை ஏறக் களைப்பாக இருக்குமே, வழியிலேயே பார்க்கட்டும் என்று ஒரு சின்ன ஜாம் போத்தலில் வாளியிலிருந்து கொஞ்சம் வார்த்து மூடிக் கைப்பைக்குள் வைத்தேன். பச்சை நிறச் சல்வார் உடுத்தேன், பெரிய பொட்டு வைத்தேன். மகிழ்ச்சியான காரியம் அல்லவா.

வைத்தியசாலை வாசலில் அவர் பெயரைச் சொன்னேன். அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்தி, பின்பக்கக் கட்டடத்துக்குப் போகச் சொன்னாள். விட்டு அனுப்பும் இடம் அங்கே என்று எண்ணி நடந்தேன். கறுப்பு உடுப்புப் போட்ட ஒருவர் கதவைத் திறந்தார். சின்ன அறை. சில்வி கறுப்பில் நின்றாள். அவளுக்குப் பின்னால் மரப்பெட்டி ஒன்று திறந்திருந்தது. அதற்குள் லூசியன் கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையுடன் படுத்திருந்தார்.

கறுப்பு உடுப்புக்காரர் என் பச்சைச் சல்வாரைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார், குடும்பத்தைச் சேர்ந்தவரா என்று. நான் வாயைத் திறக்குமுன் சில்வி "ஓம், குடும்பம்தான்" என்றாள். என் கையைப் பிடித்தாள். என் மற்றக் கை கைப்பைக்குள் இருந்தது. எதற்கு என்று தெரியாமலே ஜாம் போத்தலை வெளியே எடுத்துவிட்டேன்.

"லா பியேர்" என்றேன். "நீங்கள் பியேர் என்று சொன்னீர்கள்."

சில்வி போத்தலைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளுக்கு விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணீர் வழிய எனக்குச் சொன்னாள். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறதாம். பிரேதப் பெட்டிக்கும் பியேர் என்றுதான் பெயராம், பழைய சொல். மீஸ் ஆன் பியேர் என்றால் பெட்டிக்குள் வைப்பது. கடைசியாக முகம் பார்ப்பது. வீட்டார் மட்டும் வருவது. "பாப்பா எவ்வளவு சிரித்திருப்பார்" என்றாள். கறுப்பு உடுப்புக்காரர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரது உதடும் துடித்தது.

நான் ஓர் ஓரமாக நின்றேன். இங்கே எங்களுக்கு மரணம் எப்படி வரும் என்று வாசிக்கிற உங்களில் பலருக்குத் தெரியும். தொலைபேசியில் வரும். அல்லது ரூ பெர்தொனே தெருவில் தமிழ்க் கடைக் கண்ணாடியில் ஒட்டிய அஞ்சலிப் படமாக வரும். மரக்கறி வாங்கப் போய், தெரிந்த முகம் ஒன்று கறுப்புக் கட்டத்துக்குள் சிரிப்பதைப் பார்த்து நின்றுவிட்டு, முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு வருவோம். பெரியப்பாவின் முகம், மாமியின் முகம், என்னோடு படித்தவளின் முகம், எல்லாமே அப்படித்தான். பாரிஸுக்கு வந்தபிறகு செத்த ஒருவரின் உண்மையான முகத்துக்கு முன்னால் நான் நின்றது அன்றுதான்.

சில்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "உங்களிடத்தில் என்ன செய்வீர்கள்?"

வாய்க்கரிசி என்ற சொல்லுக்கு நான் எங்கே போவேன். "வாயில் அரிசி போடுவோம். வீட்டு ஆட்கள்" என்றேன்.

"போடுங்கள்."

என்னிடம் அரிசி இல்லை. போத்தலைப் பார்த்தேன். இதுவும் தானியம்தானே என்று நினைத்தேன். மூடியைத் திறந்தேன். அறையில் எங்கள் குசினியின் வாசம் வந்தது. விரலை நனைத்து லூசியனின் உதட்டில் ஒரு துளி வைத்தேன். உதடு கல்லைப்போலக் குளிர்ந்திருந்தது. சில்வியும் விரலை நனைத்தாள். அதன்பிறகு பெட்டியை மூடினார்கள். வண்டி வடக்கே, அவருடைய 'ஷே நூ'வுக்குப் புறப்பட்டது. நான் தெருவில் நின்று, அது முனையில் திரும்பும்வரை பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சில்வி அப்பாவின் வீட்டை ஒதுக்க வந்தாள். மாலையில் மேலே வந்து என்னுடன் போத்தல் அடைத்தாள். நுரை உண்டாக ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் சீனித்தண்ணீர் விடவேண்டும். நான் விட்டேன், அவள் மூடினாள். அதிகம் பேசவில்லை. போகும்போது பாதியை எனக்கு வைத்துவிட்டு மீதியைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள்.

அன்றைக்கு அம்மா அழைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பியர் காய்ச்சிய கதைக்கு ஏசுவார் என்று பயந்தேன். அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"முகம் எப்பிடி இருந்தது?" என்று மட்டும் கேட்டார்.

"நித்திரை மாதிரி இருந்தது, அம்மா."

'நித்திரை மாதிரி' என்று அவர் ஒருமுறை திருப்பிச் சொன்னார். பிறகு, "அந்த மனிசனுக்கு எட்டுச் செலவு செய்ய ஆக்கள் இருக்கினமோ?" என்றார்.

"அவைக்கு உப்பிடியொண்டும் இல்லையம்மா."

"அப்ப நீ செய். வாயிலை வைச்சனி, நீதான் செய்ய வேணும்."

எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்க வேண்டும். வேலை முடிந்து வரும்போது வாழையிலை வாங்கினேன். இங்கே இரண்டு இலைகளை மடித்துச் சேர்த்துச் சுற்றித்தான் விற்பார்கள். ஒன்றை அடுப்புக்குப் பக்கத்து மேடையில் விரித்தேன். உருளைக்கிழங்குப் பொரியல், அவரது ஊரின் நாற்றமடிக்கும் சீஸ், பாணோடு தொட்டுத் தொட்டு அவர் விரும்பிச் சாப்பிடும் என் ஆட்டிறைச்சிக் கறி, பக்கத்தில் ஒரு கிளாஸில் இன்னும் நுரை வராத பியேர். கற்பூரம் காட்டினேன்.

என் கணவர் வேலைக்குப் போகுமுன் வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். மடித்தபடி கிடந்த மற்ற இலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரஞ்சி," என்றார் மெதுவாக. "கொண்ணைக்கும் ஒண்டு..."

என் அண்ணனுக்கும் ஓர் இலை போடுவோமா என்று அன்பாகத்தான் கேட்டார். இத்தனை வருடங்களாகக் கேட்காமல் வைத்திருந்ததை, இலையும் கறியும் கற்பூரமும் எல்லாம் இருக்கும் அந்த நேரத்தில் கேட்டார். நான் இலையைக் கையில் எடுத்தேன். விரித்தால் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை போகும் நல்ல நீளமான இலை.

"வேண்டாமப்பா," என்றேன். "அம்மா இருக்கிறா."

அவர் தலையாட்டினார். நான் அந்த இலையைக் கழுவி, ஈரத்துணியில் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வைத்தேன். அங்கே வைத்தால் கொஞ்ச நாளைக்குப் பச்சை மாறாது.